வேர்ச்சொல் என்னும் திறவுகோல்

ஆங்கிலம் என்றதும் அஞ்சுகின்ற பிள்ளைகள் நம் பங்குகளில் இன்றும் பலர் உள்ளனர். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி எனச் சுற்றியுள்ள சமவெளிச் சிற்றூர்களில் தமிழ்வழியில் நன்கு பயின்று, நல்ல மதிப்பெண்ணும் பெற்று, மதுரை நகரக் கல்லூரிகளுக்கு வருகிறார்கள். பாடநூலைத் திறந்தால் பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து சொற்கள் வழிமறிக்கின்றன. அறிவில் குறையில்லாத பிள்ளை சொல்லுக்கு அஞ்சி வகுப்பில் வாய் மூடுகிறது; சிலர் படிப்பையே விட்டு விலகுகின்றனர். கட்டணம் மிகுந்த பள்ளிகளில் பயின்றவர்களுக்கு எளிதாக வாய்த்த ஒன்று, உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் எட்டாக் கனியாகவே இருக்க வேண்டுமா?

சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதே இதற்கு வழி என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மனப்பாடம் செய்த சொல்லோ தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகிறது. ஆனால் சொல்லைப் பிரித்து, அதன் வேரைக் கண்டு, அவ்வேரிலிருந்து கிளைத்த சொற்களை ஒரு குடும்பமாகக் கற்கும் வழி ஒன்று உண்டு. அவ்வழி நமக்குப் புதியதன்று. நானூறு ஆண்டுகளுக்கு முன் மதுரை மறைப்பணித்தளத்தில் அது நடைமுறையில் இருந்தது. அதன் அடையாளங்களை நம் பெயர்களிலும் வழிபாட்டுச் சொற்களிலும் வீட்டுப் பொருள்களிலும் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறோம்.

பெயர்களில் புதைந்துள்ள பாடம்

சின்னப்பன், அருளப்பன், இராயப்பன், முடியப்பன், பெலவேந்திரன், ஆசீர்வாதம், சிங்கராயர் ஆகிய பெயர்கள் நம் குடும்பங்களில் பாட்டன், பூட்டன் காலந்தொட்டு வழங்கிவருவன. தாத்தாவுக்கு ஏன் சின்னப்பன் என்று பெயர் என்று கேட்டால், வீட்டில் அவர் இளையவராக இருந்திருப்பார் என்பதே பேரப்பிள்ளைகள் பலரின் விடை. உண்மை வேறு.

‘பவுலுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்பது பொருள். ஆகவே புனித பவுல் நம் முன்னோருக்குச் சின்னப்பர் ஆனார். யோவான் என்னும் எபிரேயப் பெயருக்கு ‘ஆண்டவர் அருள்கூர்ந்தார்’ என்பது பொருள். அவர் அருளப்பர் ஆனார். ஸ்தேவானின் பெயர்மூலமான ‘ஸ்தெபனோஸ்’ என்னும் கிரேக்கச் சொல் முடியைக் குறிக்கும், அவர் முடியப்பர். பேதுரு என்றால் பாறை. நாயக்கர் ஆட்சியில் மதுரையில் பெரிதும் வழங்கிய தெலுங்கு மொழியில் கல்லை ‘ராயி’ என்பர். இராயப்பர் என்னும் பெயரை அதனோடு சேர்த்து விளக்குவர். அந்திரேயா என்னும் பெயரின் வேர் ஆண்மையையும் வலிமையையும் சுட்டும், அவர் பெலவேந்திரர். ‘பெனதிக்துஸ்’ ஆசி பெற்றவர், அவர் ஆசீர்வாதப்பர். ‘தோமினுஸ்’ ஆண்டவரையும் தலைவரையும் குறிக்கும் சொல். அதன்வழி வந்த தோமினிக், சாமிநாதர் ஆனார். ‘லெயோ’ சிங்கம், அப்பெயர் பூண்ட திருத்தந்தையர் சிங்கராயர்கள். 1891-ஆம் ஆண்டு தொழிலாளர் உரிமைக்காகச் சுற்றுமடல் விடுத்த பதின்மூன்றாம் லியோவை நம் பெரியோர் பதின்மூன்றாம் சிங்கராயர் என்றே எழுதினர். 2025 மே 8-ஆம் நாள் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோவின் பெயரைக் கேட்டதும், ஊரில் சிங்கராயர் என்னும் பெயருடைய முதியவர் எவரேனும் மகிழ்ந்திருப்பார் அல்லவா?

இப்பெயர்களை வெறும் மொழிபெயர்ப்பு என்று கொள்வது போதாது. சொல்லைப் பிளந்து, உள்ளே இருக்கும் பொருளை எடுத்து, அதைத் தம் மொழியில் நட்டவர்களின் உழைப்பு இது. இவ்வுழைப்பிலேயே ஆங்கிலப் பாடமும் ஒளிந்திருக்கிறது. பெனதிக்துஸ் என்பதைப் பிரித்தால் ‘பெனே’ என்பது நன்கு. ‘திக்த்’ என்பது சொல்லப்பட்டது. ஆங்கிலத்தில் நன்மை பயப்பதைக் குறிக்கும் பெனிஃபிட்டில் முதற்பாதி நிற்கிறது. சொற்களைத் தொகுத்த டிக்‌ஷனரியிலும், சொல்லச் சொல்ல எழுதும் டிக்டேஷனிலும் மறுபாதி நிற்கிறது. தோமினுஸ் என்பதிலிருந்து ஆதிக்கம் செலுத்துவதைக் குறிக்கும் டாமினேட் வந்தது. ஆசீர்வாதமும் சாமிநாதனும் இருக்கின்ற வீட்டில் இச்சொற்கள் அந்நியமானவை அல்ல.

தத்துவ போதகரின் தேர்வு

இம்மரபு ஒரே நாளில் உருவானதன்று. முத்துக்குளித்துறையில் 16-ஆம் நூற்றாண்டில் மறைபரப்பிய இயேசு சபையாருள் அன்றீக்கு அடிகளார் தமிழை ஆழ்ந்து கற்றவர். 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அவர் அச்சேற்றிய தம்பிரான் வணக்கம், தமிழ் எழுத்தில் அச்சான தொடக்ககால நூல். ஆயினும் அக்காலத்து மறைச்சொற்கள் பலவும் போர்த்துக்கீசிய ஒலியிலேயே தமிழுக்குள் வந்தன. தூய ஆவியாரைக் குறித்த ‘இஸ்பிரீத்து சாந்து’ என்னும் தொடரை நம் பாட்டிமார் அண்மைக்காலம்வரை செபத்தில் சொல்லிவந்தனர். பக்தி குறையவில்லை, ஆனால் ஒலி தெரிந்த அளவு பொருள் தெரியவில்லை.

1606-ஆம் ஆண்டு இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே 1595 முதல் இங்குப் பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளார் கடற்கரையிலிருந்து வந்த பரதவரின் ஆன்ம நலனைக் கவனித்துவந்தார். ஆயினும் மதுரை மக்கள் மறையைத் தழுவ முன்வரவில்லை. கிறிஸ்தவராதல் என்பது பரங்கிக் குலத்தில் சேர்தல் என்றே மக்கள் புரிந்துகொண்டிருந்தனர். ஒரு சொல் தவறாக அமைந்தால் ஒரு வாயில் எவ்வாறு அடைபடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

தெ நொபிலி தமிழும் தெலுங்கும் கற்றார். சிவதர்மர் என்னும் அந்தணரிடம் வடமொழி பயின்றார். தத்துவ போதகர் என்னும் பெயர் பெற்றார். மறை உண்மைகளை அயல் ஒலியில் திணிக்காமல், இம்மண்ணில் ஏற்கெனவே பொருள் பெற்றிருந்த சொற்களைத் தேடியெடுத்து அவற்றில் ஏற்றினார். ஞானோபதேசம் முதலிய நூல்களை இயற்றினார். அவருடைய அணுகுமுறை பற்றி எழுந்த பெரும் வழக்கு உரோமை வரை சென்றது. 1623-ஆம் ஆண்டு திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். சாதி வழக்கங்களுக்கு அவர் இடங்கொடுத்தது பற்றிப் பிற்காலத்தார் எழுப்பிய வினாக்கள் நியாயமானவையே. திருச்சபை அவற்றை இன்றும் தன் மனச்சான்றில் எடைபோட வேண்டியுள்ளது. ஆனால் சொல்லைப் பொருளறிந்து கையாள வேண்டும் என அவர் காட்டிய நெறி மறுக்கவொண்ணாதது.

அந்நெறியில் பலர் தொடர்ந்தனர். மதுரை மறைப்பணியைச் சேர்ந்த அந்தாவோ தெ புரோவென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி, அவர் மறைந்தபின் 1679-ஆம் ஆண்டு கேரளத்தின் அம்பழக்காட்டில் அச்சானது. நம் காலத்துத் தமிழறிஞர் தனிநாயகம் அடிகளார் 1966-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் அதை மறுபதிப்பாக வெளியிட்டார். 1693-ஆம் ஆண்டு ஓரியூரில் குருதி சிந்திய ஜான் தெ பிரிட்டோவின் பெயரிலுள்ள யோவானின் வேரே அருளானந்தர் ஆயிற்று. அப்பெயரால் கருமாத்தூரில் 1970-ஆம் ஆண்டு தொடங்கிய கல்லூரி சுற்றுப்புறச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி அளித்துவருகிறது. கொன்ஸ்தான்சோ என்னும் பெயரின் உறுதிப்பொருளைத் தாங்கித் தைரியநாதர் எனப்பட்டவர், பின்னர் வீரமாமுனிவர் என விளங்கினார். 1732-ஆம் ஆண்டு அவர் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியாய்ச் சொற்களை வகுத்துத் தந்தது. தேம்பாவணியில் அவர் சூசையப்பருக்கு இட்ட பெயர் வளன். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரின் ‘பெருகச் செய்வாராக’ என்னும் பொருளே அதில் நிற்கிறது.

திருப்பலியும் ஆங்கிலமும்

ஆங்கில அகராதியைப் புரட்டுவோருக்கு ஓர் உண்மை விளங்கும். அதிலுள்ள சொற்களில் சரிபாதிக்கும் மேற்பட்டவை நேராகவோ பிரெஞ்சின் வழியாகவோ இலத்தீனிலிருந்து வந்தவை. கி.பி. 597-இல் திருத்தந்தை பெரிய கிரகோரி அனுப்பிய அகுஸ்தின் அடிகளார் இங்கிலாந்தின் கென்ட் நாட்டில் இறங்கினார். மறையோடு இலத்தீன் சொற்களும் இறங்கின. 1066-இல் நார்மானியர் அந்நாட்டை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமெனப் புகுந்தன. மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞர்கள் இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் மேலும் எடுத்துக்கொண்டனர். பள்ளிப் பிள்ளையை மிரட்டும் நீண்ட ஆங்கிலச் சொற்களில் பல, உண்மையில் நம் திருச்சபையின் பழைய மொழி புதுச்சட்டை போட்டு வந்தவையே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்த 1960-களின் நடுப்பகுதிவரை நம் ஆலயங்களில் திருப்பலி இலத்தீனில் நிறைவேறியது. அத்திருப்பலிக்கு வழங்கிய ‘மிஸ்ஸா’ என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். அது அனுப்புதல் என்னும் பொருளுடைய ‘மித்தரே’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. இறுதியில் மக்களை அனுப்பிவைக்கும் சொல்லே வழிபாடு முழுமைக்கும் பெயராயிற்று. ஆங்கிலத்தின் மாஸ் என்பதும் அதுவே. அனுப்பப்பட்ட பணி மிஷன். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியபோது இச்சொல், இயேசு சபையாரை அயல்நாடுகளுக்கு அனுப்புவதையே பெரிதும் குறித்தது. மதுரை மிஷன் என நாம் சொல்வதன் வேர் இது.

இந்த ஒரு வேரை அறிந்த பிள்ளைக்கு எத்தனை சொற்கள் வசமாகின்றன எனக் காண்போம். ‘டிரான்ஸ்’ என்றால் கடந்து. கடந்து செல்ல அனுப்புவது டிரான்ஸ்மிட். ‘சப்’ என்றால் கீழ். மேலிடத்தின் கீழ் வைத்து அனுப்புவதும் பணிவதும் சப்மிட். ‘ரி’ என்றால் மீண்டும் அல்லது திரும்ப. பணத்தைச் செலுத்தி அனுப்புவது ரெமிட். ‘அட்’ என்றால் ஒன்றை நோக்கி; உள்ளே விடுவது அட்மிட், அதனால் பள்ளியில் அட்மிஷன். ‘பெர்’ என்றால் ஊடாக. ஊடே செல்ல விடுவது பெர்மிட். ‘டிஸ்’ என்றால் பிரிந்து. கலைத்து அனுப்புவது டிஸ்மிஸ். தொலைவுக்கு ஏவப்படுவது மிஸைல். மனப்பாடமாய் ஒவ்வொன்றாகச் சுமக்க வேண்டியவை ஒரே கயிற்றில் கோக்கப்பட்ட மணிகளாகிவிடுகின்றன.

பாட்டி சொன்ன இஸ்பிரீத்துவும் அவ்வாறே. ‘ஸ்பிராரே’ என்றால் மூச்சுவிடுதல். ஆங்கிலத்தில் ஸ்பிரிட் ஆவி. ரெஸ்பிரேஷன் மீண்டும் மீண்டும் நிகழும் மூச்சு. இன்ஸ்பயர் உள்ளே மூச்சை ஊதுதல், அதாவது உள்ளத்தைத் தூண்டுதல். எக்ஸ்பயர் மூச்சு வெளியேறுதல், அதாவது உயிர்நீங்குதலும் காலாவதியாதலும். இங்கே நம் தமிழின் நுட்பத்தையும் எண்ணி மகிழலாம். ஆவி என்னும் தமிழ்ச்சொல் மூச்சையும், உயிரையும், கண்ணுக்குப் புலப்படா ஆன்மப் பொருளையும் ஒருங்கே சுட்டும். இலத்தீனுக்கும் தமிழுக்கும் இரத்த உறவில்லை. ஆயினும் இரு மொழியினரும் மூச்சிலேயே ஆவியைக் கண்டனர்.

‘பானிஸ்’ என்றால் அப்பம். ‘கொம்’ என்றால் உடன். உடன் அமர்ந்து அப்பம் உண்பவரே கம்பேனியன், தோழர். இயேசு சபையைப் போர்த்துக்கீசியர் கொம்பஞ்ஞியா என்றனர். கம்பெனி என்னும் ஆங்கிலச் சொல்லும் அவ்வேரினதே. வாணிகத்தில் அடிபடும் கம்பெனி என்னும் சொல்லுக்குள் அப்பம் பகிரும் மேசை ஒன்று இருப்பதை அறிந்த பிள்ளை அச்சொல்லை மறக்க மாட்டாது.

வீட்டுப் பொருள்களும் உறவினரும்

மேசை, அலமாரி, சாவி, சன்னல், கோப்பை, குசினி, பாதிரி ஆகிய சொற்கள் போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்தவை; அவர்கள் இலத்தீனிலிருந்து பெற்றவை. சாவியின் மூலம் ‘கிளாவிஸ்’. சாவியால் பூட்டிய அறையில் கர்தினால்மார் கூடித் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் அவைக்குக் கான்கிளேவ் எனப் பெயர் வந்ததும் அதனால்தான். சன்னலின் மூலம் வாயிலைக் குறிக்கும் ‘யானுவா’ என்பதன் குறுமை வடிவம். ஜேனிட்டர் என்னும் ஆங்கிலச் சொல் வாயில் காப்போனைக் குறித்ததும் அவ்வேரினாலேயே. பாதிரியின் மூலம் தந்தையைக் குறிக்கும் ‘பாத்தெர்’. தந்தைவழியைப் பேட்டர்னல் என்பது அதன் வழியே. வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலே ஆங்கிலப் பாடத்துக்குப் பாதி முதலீடு கிடைத்துவிடுகிறது.

வேறொரு வகை உறவும் உண்டு. வடமொழியும் இலத்தீனும் ஒத்திருத்தலை முதலில் கண்டு வியந்தவருள் இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியர் சிலர் முன்னிற்கின்றனர். கோவாவில் பணியாற்றிய ஆங்கிலேய இயேசு சபைத் துறவி தாமஸ் ஸ்டீபன்ஸ் 1583-ஆம் ஆண்டு தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில் இந்நாட்டு மொழிகளின் அமைப்பு இலத்தீனையும் கிரேக்கத்தையும் ஒத்திருப்பதைக் குறித்தார். ஃபிலிப்போ சசெட்டி என்னும் பிளாரன்ஸ் நகர வணிகரும் ஓரிரு ஆண்டுகளில் எண்ணுப்பெயர்களின் ஒற்றுமையைச் சுட்டினார். பிரெஞ்சு இயேசு சபைத் துறவி கெர்தூ 1767-ஆம் ஆண்டு இதுபற்றிய ஆய்வுரையைப் பாரிசுக்கு அனுப்பினார். அது 1808-இல்தான் அச்சேறியது. அதற்குள் 1786-ஆம் ஆண்டு கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரை உலகப்புகழ் பெற்றுவிட்டது.

தமிழில் வழங்கும் வடசொற்கள் சில இவ்வுறவால் ஆங்கிலச் சொற்களை நினைவில் நிறுத்த உதவும். நம் நவநாள் பக்திமுயற்சியை ஆங்கிலத்தில் நொவீனா என்பர். வடமொழியில் நவ என்றால் ஒன்பது. இலத்தீனில் ‘நோவெம்’ ஒன்பது. உரோமையரின் பழைய நாள்காட்டியில் ஒன்பதாம் மாதமே நவம்பர். நவ என்பதற்குப் புதுமை என்னும் பொருளும் உண்டு. இலத்தீனில் ‘நோவுஸ்’ புதியது, ஆங்கிலத்தில் நாவல். தந்தம் பல்லைக் குறிக்கும்; டென்டிஸ்ட் பல் மருத்துவர். மரணமும் மார்ட்டலும், தானமும் டொனேஷனும், அக்கினியும் இக்னிஷனும், விதவையும் விடோவும், திரித்துவத்தின் திரியும் டிரினிட்டியின் டிரியும் ஒருகுடிப் பிறந்தவை. நம்புகிறேன் எனப் பொருள்படும் ‘கிரேதோ’ என்னும் சொல்லிலிருந்து கிரெடிட் வந்தது. நாம் ஊக்கத்துடன் கவனித்தலைக் குறிக்க வழங்கும் சிரத்தை என்னும் சொல் அதன் உடன்பிறப்பு. நம்பிக்கை என்பதே அதன் பழம்பொருள்.

இதைக் கொண்டு தமிழும் இலத்தீனும் ஒரே குடும்பம் எனக் கருதிவிடுதல் பிழையாகும். தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்பதை எல்லிஸ் 1816-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். கால்டுவெல் 1856-ஆம் ஆண்டில் விரிவாக நிறுவினார். மேற்கூறிய உறவு தமிழ் தாங்கிவரும் வடசொற்களுக்கே உரியது.

நன்னூல் கற்ற பிள்ளைக்கு

அப்படியாயின் தமிழ் தன் சொந்த வலிமையால் இங்கு உதவாதோ? உதவும், மிகுதியாகவே உதவும். பவணந்தி முனிவரின் நன்னூல் வழிவந்த பகுபத உறுப்பிலக்கணத்தை நம் பிள்ளைகள் உயர்நிலை வகுப்பில் கற்கின்றனர். பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என ஒரு சொல்லை ஆறு உறுப்பாய்ப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலச் சொல்லைப் பிரிப்பது அரிதா? தமிழாசிரியர் தந்த அரிவாளை ஆங்கில வகுப்பு வாசலில் வைத்துவிட்டுப் போவதே நாம் செய்யும் பிழை.

மரம் என்பதும் கள் என்பதும் சேர்ந்தால் மகரம் ஙகரமாகி மரங்கள் ஆகிறது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகிறது. ஆங்கிலத்திலும் இதுவே நிகழ்கிறது. அன்மைப் பொருள் தரும் ‘இன்’ என்னும் முன்னொட்டு, பகர மகரங்களின் முன் ‘இம்’ ஆகி இம்பாசிபிள் என்றும், லகரத்தின் முன் ‘இல்’ ஆகி இல்லீகல் என்றும், ரகரத்தின் முன் ‘இர்’ ஆகி இர்ரெகுலர் என்றும் நிற்கிறது. நான்கு முன்னொட்டுகளல்ல, ஒன்றேயான முன்னொட்டின் புணர்ச்சி விகாரங்கள். அன்னையின் அமலோற்பவத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரில் இம்மாக்குலேட் என்னும் சொல் வருகிறது. ‘மாக்குலா’ என்றால் கறை, கறையற்றது இம்மாக்குலேட். அமலம் என்பதில் மலம் என்றால் மாசு; மாசற்றது அமலம். வேர் வேறு, கட்டுமானம் ஒன்று. இங்குள்ள ‘அ’வும் அங்குள்ள ‘இன்’னும் உறவினரே.

தமிழ்த் தொகைச்சொற்களிலும் இணை காணலாம். மேற்பார்வையைப் பிரித்தால் மேல், பார்வை. சூப்பர்விஷனைப் பிரித்தாலும் அவ்விரண்டே. முன்னுரையும் பிரிஃபேசும் ‘முன்னே சொல்லுதல்’ என்னும் பொருளின. எதிர்த்துச் சொல்வது கான்ட்ரடிக்ட். ‘போர்த்தாரே’ என்றால் சுமத்தல். மதுரைச் சந்திப்பில் பெட்டி சுமப்பவர் போர்ட்டர். மதுரை மல்லிகை வெளிநாடு செல்வது எக்ஸ்போர்ட். உள்ளே வருவது இம்போர்ட். கடந்து கொண்டுசெல்வது டிரான்ஸ்போர்ட். கையால் சுமக்கத் தக்கது போர்ட்டபிள்.

எச்சரிக்கையும் வேண்டும்

எல்லா வழிகளுக்கும் எல்லை உண்டு. ஒலி ஒத்திருப்பதெல்லாம் உறவாகாது. கார்ப்பெட் என்பதில் காரும் இல்லை, பெட்டும் இல்லை. அன்டர் என்பதில் வருவது அன்மைப் பொருளுடைய ‘அன்’ அன்று. ‘இன்’ என்பது இம்பாசிபிளில் அன்மையையும் இம்போர்ட்டில் உள்நோக்கிய செலவையும் குறிக்கும்; இடமறிந்தே பொருள்கொள்ள வேண்டும். காலப்போக்கில் பொருள் தடம் மாறுவதும் உண்டு. இன்று இனிமையைக் குறிக்கும் நைஸ் என்னும் சொல், அறியாதவன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்றால் நம்பக் கடினமே. ஆகவே வேரைக் கண்டு பொருளை ஊகித்தபின் அகராதியைப் பார்த்து உறுதிசெய்தல் கட்டாயம்.

மேலும், கம், கோ, ஈட், வாட்டர் போன்ற அன்றாடச் சொற்கள் ஆங்கிலத்தின் சொந்த ஜெர்மானியச் சொத்து. அவை பேசியும் கேட்டும் படித்தும் பழக வேண்டியவை. வேர்ச்சொல் அறிவு அப்பழக்கத்துக்கு மாற்றன்று. பாடநூல்களிலும் செய்தித்தாளிலும் எதிர்ப்படும் நீண்ட சொற்களின் முன் பிள்ளையின் அச்சத்தை நீக்குவதே அதன் பயன்.

நாம் செய்யத்தக்கது

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஞாயிறு மறைக்கல்வி முடிந்தபின் அரைமணி நேரம் போதும். வாரத்துக்கு ஒரு வேர், அதனுடன் இரண்டு முன்னொட்டு. அவ்வாரத் திருப்பலியிலோ, திருநாளிலோ, ஊர்ப் பெயரிலோ, தாத்தாவின் பெயரிலோ அவ்வேரைத் தேடலாம். கிளைத்த சொற்களைப் பிள்ளைகளே ஒரு குறிப்பேட்டில் மரமாக வரைந்து நிரப்பலாம். ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து ஒரு வகுப்பை நடத்தினால் இன்னும் சிறப்பு. பங்கு இளைஞர் இயக்கத்தில் கல்லூரி சென்றுவரும் தம்பி தங்கையரே இதனை முன்னின்று செய்யலாம். எல்லாத் தெருப் பிள்ளைகளும் அவ்வட்டத்தில் அமர வேண்டும். சொற்செல்வம் ஒருசிலர் பெட்டியில் பூட்டப்பட்டிருந்த காலத்தைச் சாவி கொண்டு திறப்பதற்கு இதைவிட எளிய வழியில்லை.

இம்முயற்சியில் மற்றொரு நன்மையும் கிடைக்கும். 1995-ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் கிறிஸ்தவ ஒற்றுமையை முன்னிட்டுப் பேதுரு, பவுல், யோவான் என்னும் வடிவங்கள் இடம்பெற்றன. அது வேண்டிய மாற்றமே. அதனால் இராயப்பரும் சின்னப்பரும் அருளப்பரும் வாசகங்களிலிருந்து விடைபெற்று, பழைய ஆலயங்களின் முகப்பிலும் முதியோரின் பெயரிலும் கல்லறைக் கற்களிலும் மட்டும் எஞ்சிநிற்கின்றனர். அவற்றின் பொருளறிந்த தலைமுறை மறைந்துவருகிறது. பேரப்பிள்ளை ஆங்கிலம் கற்கும் சாக்கில் தாத்தாவின் பெயர்ப்பொருளையும் அறிந்துகொள்ளுமாயின் இரு செல்வங்கள் ஒருங்கே காக்கப்படும்.

பெந்தெகோஸ்து நாளில் கூடியிருந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே நற்செய்தியைக் கேட்டு வியந்தனர் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. தூய ஆவியார் அன்று மொழிகளை ஒன்றாக்கிவிடவில்லை. மொழிகளுக்கிடையே பொருள் கடந்துசெல்லும்படி செய்தார். தெ நொபிலியும் வீரமாமுனிவரும் அவ்வழியில் அயல்மொழிப் பொருளைத் தமிழ்நிலத்துக்குக் கொண்டுவந்தனர். இன்று நம் பிள்ளைகள் எதிர்த்திசையில் நடந்து, தமிழறிவைக் கைவிளக்காக ஏந்தி, ஆங்கிலத்துக்குள் நுழையட்டும். பொருளறியாமல் ஒப்பிக்கும் செபமும் நெஞ்சில் நில்லாது. பொருளறியாமல் ஒப்பிக்கும் பாடமும் நெஞ்சில் நில்லாது. சொல்லின் பொருளை உணர்ந்து சொல்லும் பழக்கத்தை நம் இல்லங்களிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் இவ்வாண்டிலேயே தொடங்குவோம்.